மாயவரம், விருதுபட்டி, மணியாச்சி: அம்மாவோடு பழைய ஊர்களுக்கு

அப்பா ரயில்வேயில் அசிஸ்டென்ட் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒரு ஊர் என்று மாறிக்கொண்டே இருந்ததால் எங்கள் வீட்டில் யாரும் வருஷம் சொல்லிப் பேசுவதில்லை, ஊர் சொல்லித்தான் பேசுவோம். "அது மாயவரத்துல இருக்கும்போது" என்றால் நானும் தம்பியும் பிறந்த சமயம். "விருதுநகர்ல" என்றால் தாத்தா தவறிய சமயம். "மணியாச்சிக்கு அப்புறம்" என்றால் எனக்குக் கண்ணாடி போட்ட பிறகு. வெளியாட்களுக்கு இதெல்லாம் இடங்கள், எங்களுக்குக் காலண்டர். அந்த ஊர்களுக்கு ஒரு தடவை போய்வர வேண்டும் என்று அம்மா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு முட்டி வலி, அதனால் தாம்பரம் வீட்டில் தம்பியோடு இருந்துவிட்டார். நானும் அம்மாவும் கிளம்பினோம்.

டிசம்பர் 26, வியாழன். மயிலாடுதுறை

விடியற்காலை இறங்கும்போது நல்ல தூறல். எங்கோ ஒரு கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. இறங்கிய உடனே அப்பாவிடமிருந்து போன்: "எம்.வி. வந்தாச்சா?" அவருக்கு எந்த ஊருமே ஊர்ப்பெயர் கிடையாது, ஸ்டேஷன் கோடுதான். மாயவரத்துக்கு அந்தக் காலத்தில் வைத்த எம்.வி. என்ற எழுத்துகள் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. போர்டில் மயிலாடுதுறை என்று இருக்கிறது, டிக்கெட்டில் எம்.வி. என்று இருக்கிறது. "போர்டுல கடல் மட்டத்துலேர்ந்து எத்தனை மீட்டர்னு போட்டிருக்காங்களா பாரு" என்றார். போட்டிருக்கிறார்கள் என்றேன். சந்தோஷம் அவருக்கு.

வெளியே ஆட்டோக்காரரிடம் "கூறைநாடு போகணும்" என்றேன். நூற்றைம்பது என்றார். அம்மா குடையை மடக்கிக்கொண்டே, "மாயவரத்துல ஸ்டேஷன்லேர்ந்து கொரநாட்டுக்கு நூத்தம்பதா தம்பி?" என்றாள். அவர் திரும்பிப் பார்த்தார். "இந்த ஊரா அம்மா நீங்க? ஏறுங்க, நூறு கொடுங்க." மாயவரம், கொரநாடு. இந்த இரண்டையும் அந்த வாயால் சொன்னதற்கு ஐம்பது ரூபாய் தள்ளுபடி. அதோடு நிற்காமல் வழி முழுக்க, யார் கடை மூடியது, எந்தத் தெருவில் தண்ணீர் தேங்குகிறது என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் சொன்ன பெயர்தான் சரியான பெயர், ஆனால் அதைச் சொன்னால் வெளியூர்.

லாட்ஜில் அறை தொள்ளாயிரம் ரூபாய். வெந்நீர் வரும் என்றார்கள், வரவில்லை. கேட்டதும் ஒரு பையன் சமையற்கட்டிலிருந்து வாளியில் சுடச்சுடத் தூக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்று ஓடிவிட்டான்.

காலை உணவு ரவா தோசை, கொத்சு, காபி. காபி இருபத்தைந்து ரூபாய், டவராவில் நுரையோடு. அம்மா இரண்டு காபி குடித்தாள்.

கூறைநாடு நெசவுக்காரர்களின் பேட்டை. கல்யாணத்துக்குக் கட்டும் கூறைப்புடவைக்கு இந்த ஊரால்தான் அந்தப் பெயர் என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். அம்மாவின் கூறைப்புடவையும் இங்கேதான் எடுத்தது, கல்யாணத்தின்போது இந்த ஊரில் குடியிருக்கப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. நாங்கள் இருந்த வீடு இப்போது இல்லை, அந்த இடத்தில் இரண்டு மாடி கட்டியிருக்கிறார்கள். எதிர்வீட்டு வாசலில் ஒரு பெண் மழை விட்ட இடைவெளியில் மார்கழிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள், பாதிக் கோலம் கரைந்து போயிருந்தது. நாங்கள் நின்று பார்ப்பதைக் கண்டு, "யாரைத் தேடுறீங்க?" என்றாள். அம்மா பழைய வீட்டுக்காரர் பெயரைச் சொன்னதும், "என் மாமியாருக்குத் தெரியும், உள்ள வாங்க" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மாமியாருக்கு எண்பது வயதுக்கு மேல். அம்மாவை நினைவில்லை. ஆனால் "ரயில்வேக்காரர் குடும்பமா, பெண் குழந்தை ராத்திரியெல்லாம் அழுமே" என்றார். அது நான்.

எனக்குப் பிறப்புச் சான்றிதழில் பிறந்த ஊர் மாயூரம். நான் பிறந்தது 1981. அடுத்த வருஷம் அரசு ஊர்ப்பெயரை மயிலாடுதுறை என்று மாற்றியது. 1984-ல் அதே ஆஸ்பத்திரியில் பிறந்த தம்பியின் சான்றிதழில் மயிலாடுதுறை. இரண்டிலும் மாவட்டம் தஞ்சாவூர். அப்புறம் ஊர் நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போய், 2020 டிசம்பரில் தனி மாவட்டமே ஆகிவிட்டது. பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது இந்த மாயூரம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள், விளக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அந்தச் சான்றிதழை லேமினேட் பண்ணி வைத்திருக்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் 'மாயவரத்துல இருக்கும்போது' என்ற காலத்துக்கு அரசாங்கம் தந்திருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

டிசம்பர் 27, வெள்ளி. மயிலாடுதுறை, அப்புறம் ரயில்

காலையில் மயூரநாதர் கோயில். அம்பாள் மயிலாக வந்து பூஜை செய்த தலம். சம்பந்தரும் அப்பரும் பாடும்போது இதை மயிலாடுதுறை என்றுதான் பாடியிருக்கிறார்கள், ஆக 1982-ல் வந்தது புதுப்பெயர் இல்லை, ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தைய பெயர் திரும்பி வந்திருக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னேன். "சரி, இருக்கட்டும். ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகுமா?" என்றாள். பழமொழியைப் பிடித்துக்கொண்டால் அம்மாவிடம் ஒன்றும் பேச முடியாது. ஆனால் நான் யோசித்துப் பார்த்தேன். மயிலாடுதுறை என்பது எல்லாருக்குமான பெயர், அழகான பெயரும்கூட, தேவாரத்தில் இருக்கிற பெயர். மாயவரம் என்பது அம்மா இருபத்திரண்டு வயதில் கைக்குழந்தையோடு தனியாகக் குடித்தனம் நடத்திய இடம். இரண்டும் ஒரே ஊர் இல்லை.

துலாக்கட்டத்தில் காவிரி ஓடிக்கொண்டிருந்தது, கலங்கல்தான். ஐப்பசி முழுக்குக்கு இங்கே கூட்டம் நெரியும், கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு. மார்கழியில் யாரும் இல்லை, துணி துவைக்கும் இரண்டு பேர் மட்டும்.

கிளம்புவதற்கு முன் அம்மா பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துக் கொடுத்து இட்லி கட்டிக்கொண்டு வரச் சொன்னாள். எவர்சில்வர், மூடியில் ஒரு பக்கம் நசுங்கியது. ஹோட்டலில் வரிசையில் நிற்கும்போதுதான் அதன் அடியை நன்றாகப் பார்த்தேன். பாத்திரக்கடையில் பெயர் வெட்டும் அந்தச் சின்ன உளியால் புள்ளி புள்ளியாக அம்மாவின் பெயர், கீழே 'மாயவரம் 5-9-80'. 'ர'வின் கால் தேய்ந்துபோய் 'மாயவாம்' மாதிரி இருந்தது. தேதி மட்டும் புத்தம்புதிதாகத் தெரிந்தது. வீட்டில் இருக்கிற மற்ற பாத்திரங்களிலும் இப்படி இருக்கிறது: குக்கரில் விருதுநகர், தவலையில் மானாமதுரை. சமையல்கட்டில் நான் தினமும் கழுவுகிற பாத்திரங்கள்தான். ஒருநாளும் வரிசையாக வைத்துப் பார்த்ததில்லை.

செங்கோட்டை வண்டி. தஞ்சாவூர் வரைக்கும் இரண்டு பக்கமும் சம்பா கதிர் சாய்ந்து நின்றது, மழை இன்னும் பெய்தால் அறுவடை கஷ்டம் என்று எதிர் சீட்டுக்காரர் கவலைப்பட்டார். திருச்சி தாண்டியதும் நிலத்தின் நிறமே மாறிவிட்டது. மணப்பாறையில் முறுக்கு ஏறியது. விருதுநகரில் இறங்கும்போது இருட்டிவிட்டது. "வி.பி.டி.யா? நல்லாத் தூங்குங்க" என்று அப்பா.

டிசம்பர் 28, சனி. விருதுநகர்

வி.பி.டி. என்றால் விருதுபட்டி. 1923-ல் நகராட்சி ஊர்ப்பெயரை விருதுநகர் என்று மாற்றியது. நூறு வருஷம் ஆகிவிட்டது, ரயில்வே கோடு மட்டும் இன்னும் பட்டியில் நிற்கிறது.

காலையில் தெப்பக்குளம் பக்கம் நடந்தோம். மாயவரத்து ஈரத்திலிருந்து வந்ததால் இந்த வெயில் உடனே உறைத்தது, மார்கழி என்று சொன்னால் நம்ப முடியாது. பஜாரில் வத்தல் நெடி. இரண்டு பேரும் தும்மினோம். அங்கே அம்மாவின் செருப்பு வார் அறுந்துவிட்டது. ஓரமாக உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "கழட்டுங்க தாயி" என்று தன் பலகையை அம்மா காலுக்கு அடியில் நகர்த்தி வைத்தார், தரை சுடும் என்று. தைத்துக்கொண்டே எந்த ஊர் என்று கேட்டார். மெட்ராஸ், ஆனால் முன்னாடி இங்கே இருந்தோம் என்றாள் அம்மா. "விருதுபட்டியிலயா? எந்தப் பக்கம்?" அவர் வாயில் விருதுபட்டி சர்வசாதாரணமாக வந்தது. ரயில்வே காலனி என்றதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "தண்ணிக்குக் கஷ்டப்பட்டிருப்பீங்களே."

அப்படித்தான். எனக்கு விருதுநகர் என்றாலே பிளாஸ்டிக் குடம். தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கும் எழுப்பிவிடுவார்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் குழாயை யாராவது திறந்து விட்டுவிட்டால் அம்மா "விருதுநகர் மறந்துபோச்சா?" என்பாள். தம்பி பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள், அவர்கள் இந்த ஊரைப் பார்த்ததுகூட இல்லை. அவர்களுக்கு விருதுநகர் என்பது குழாயை மூடு என்று அர்த்தம். பெரியவர் நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டார், மற்ற செருப்பிலும் ஒரு தையல் போட்டுக் கொடுத்தார்.

மதியம் வெயில் தாழ்ந்த பிறகு தேசபந்து மைதானத்துக்குப் போனோம். மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு ராட்டினம் சுற்றிய மைதானமாகத்தான் எனக்கு அதைத் தெரியும். சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்தது இங்கே என்பதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பார்கள், மண்டையில் ஏறியிருக்காது. 1956 ஜூலை 27-ல் தொடங்கினார். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது அவருடைய கோரிக்கைகளில் முக்கியமானது. அக்டோபர் 13-ல் மதுரை ஆஸ்பத்திரியில் உயிர் போனது. அவர் கேட்ட பெயருக்குச் சட்டமன்றத் தீர்மானம் வந்தது 1967 ஜூலை 18-ல், நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14-ல். மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு ஊர்ப்பெயரைச் சொந்தமாக நினைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருக்கிறேன், அதே மண்ணில் ஒரு மனிதர் ஒரு பெயருக்காகச் சாப்பிடாமல் கிடந்து உயிரையே கொடுத்திருக்கிறார். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை. இதையெல்லாம் ஏட்டில் படிக்கிறபோது வராத கனம் அங்கே நிற்கும்போது வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே படித்த பள்ளியில் கொடுத்த டி.சி.யில் 'காமராஜர் மாவட்டம்' என்று இருக்கும். அடுத்து மணியாச்சிப் பக்கம் படித்ததில் 'சிதம்பரனார் மாவட்டம்'. பஸ்ஸில் ஏறினால் பாண்டியன், கட்டபொம்மன். 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குப் பெயர் வைத்ததையொட்டி தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டு, உயிர்கள் போய், கடைசியில் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரிதான் என்று நினைக்கிறேன். ஆனாலும் ஒன்பது வயதில் முகவரி எழுதிப் பழகியபோது 'காமராஜர் மாவட்டம்' என்று கடைசி வரியில் அழுத்தி எழுதியது கைக்கு ஞாபகம் இருக்கிறது.

ராத்திரி எண்ணெய்ப் பரோட்டா. பொரித்து எடுத்து, பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றித் தருகிறார்கள். ஒன்று பதினெட்டு ரூபாய். நான் மூன்று சாப்பிட்டேன். அம்மா ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். பரிமாறியவர், "அம்மாவுக்கு எண்ணெய் ஒத்துக்காதுன்னா இட்லி வாங்கிட்டு வரச் சொல்லவா?" என்று கேட்டு, பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்பினார். தன் கடை வியாபாரம் குறைகிறதே என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு. மணியாச்சி

சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர். வழியெல்லாம் கரிசல். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கினோம். ரயிலை விட்டு இறங்கியதும் காற்று அறைந்தது. எங்கள் வீட்டில் 'மணியாச்சி' என்றாலே காற்றுதான், மாடியில் துணி பறந்தால் "ஒரே மணியாச்சியா இருக்கு" என்போம்.

போர்டில் 'வாஞ்சி மணியாச்சி'. 1911 ஜூன் 17-ல் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டது இந்த ஸ்டேஷனில். வாஞ்சிக்கு ஊர் செங்கோட்டை, நாங்கள் முந்தாநாள் ஏறி வந்த வண்டி போய் நிற்கிற ஊர். ஆனால் இங்கே நான் இருந்தவரை யாரும் வாஞ்சி மணியாச்சி என்று சொல்லிக் கேட்டதில்லை. மணியாச்சி, இல்லாவிட்டால் ஜங்ஷன். பிளாட்பாரத்தில் பஜ்ஜி விற்றவரிடம் கேட்டேன், அவரும் "நாங்க ஜங்ஷன்தான் சொல்லுவோம்க்கா" என்றார். பஜ்ஜி பத்து ரூபாய், மிளகாய் பஜ்ஜி, நல்ல காரம்.

நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் வரிசையைக் கண்டுபிடிக்கவே நேரம் ஆனது. கூரை இல்லை. சுவருக்குள் வேலிக்கருவை வளர்ந்து நிற்கிறது. எங்கள் வீடு மூன்றாவதா நான்காவதா என்று எனக்கும் அம்மாவுக்கும் தகராறு. அம்மா அடுப்பு மேடை இருந்த திசையை வைத்து நான்காவது என்றாள், நான் வேப்பமரத்தை வைத்து மூன்றாவது என்றேன். அங்கே பிள்ளைகள் நாங்களே சில இடங்களுக்குப் பெயர் வைத்திருந்தோம். தண்டவாளத்துக்கு அடியில் போகும் சின்னப் பாலம் 'சத்தப்பாலம்', உள்ளே கத்தினால் திரும்பக் கேட்கும். கரிச்சாம்பல் கொட்டிக் கிடந்த இடம் 'கறுப்புமலை'. மண்டபம் மாதிரி இருந்த பழைய கூட்ஸ் ஷெட்டுக்கு ஒரு பெயர் வைத்திருந்தோம், அது மட்டும் வரவே இல்லை. தம்பிக்குப் போன் போட்டால் அவனுக்கும் நினைவில்லை. இந்தப் பெயர்களை எந்த அரசாணையும் மாற்றாது. 2020 ஜூனில் தமிழ்நாட்டில் 1018 ஊர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்தி ஓர் ஆணை போட்டு, எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே திரும்ப வாங்கினார்கள். அந்தப் பட்டியல் எதிலும் கறுப்புமலை இருக்காது. அது ஏழெட்டுப் பிள்ளைகளின் ஊர். அவர்களில் பாதிப் பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

சத்தப்பாலம் இருக்கிறது. நான் உள்ளே குனிந்து "அம்மா" என்று கத்தினேன். கேட்டது. அம்மா மேலே நின்றுகொண்டு, "பாம்பு இருக்கும், வெளிய வாடி" என்றாள், முப்பது வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே குரலில்.

தூத்துக்குடி பாசஞ்சருக்காக ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் காற்றில் மண் கலந்து அடித்தது, கடலைமிட்டாய் பொட்டலம் பறந்து தண்டவாளத்தில் விழுந்துவிட்டது. தெரியாத ஒரு கிழவி தன் முந்தானையை விரித்து அம்மாவின் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், ஒரு வார்த்தை பேசாமல்.

டிசம்பர் 30, திங்கள். தூத்துக்குடி

இங்கே நாங்கள் குடியிருந்ததில்லை, மணியாச்சியிலிருந்து சாமான் வாங்க வருவோம். அதனால் எனக்குத் தூத்துக்குடி என்பது ஒரு சனிக்கிழமை. பனிமயமாதா கோயில் மணி, மீன் வாடை, அப்பா வாங்கித் தரும் மக்ரூன். முட்டை வெள்ளையை அடித்து, சர்க்கரையும் முந்திரியும் சேர்த்துச் செய்வது. இப்போது அரைக்கிலோ வாங்கினோம், பெட்டியில் போட்டுக் கட்டும்போதே கடைக்காரர் "மேல எதையும் வைக்காதீங்க, நொறுங்கிடும்" என்றார். பாதி நொறுங்கித்தான் வீட்டுக்கு வந்தது.

ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸ். கிளம்பும் முன் அப்பாவிடம் மணியாச்சி குவார்ட்டர்ஸ் பற்றிச் சொன்னேன். எங்கள் வீடு நான்காவதுதான், அம்மா சொன்னது சரி. கூட்ஸ் ஷெட்டின் பெயரைக் கேட்டேன். "நீங்க 'ஹோட்டல்'னு சொல்லுவீங்க, அங்க உக்காந்து மண்சோறு ஆக்குவீங்க" என்றார். நாங்கள் மூன்று பேர் மறந்ததை அவர் வைத்திருந்தார்.

படுக்கையை விரித்த பிறகு அம்மா, "பொங்கல் கழிச்சு மானாமதுரைக்குப் போவோம்" என்றாள். அது நான் பிறப்பதற்கு முந்தைய ஊர், அவர்களுக்குக் கல்யாணமான புதுசு. எனக்கு அந்தப் பெயர் தவலையில் பார்த்த பெயர், அவ்வளவுதான். எனக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன். "உனக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு இருக்கு. துணைக்கு வா" என்றாள். காலையில் அப்பாவிடம் சொன்னபோது, முட்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே, "எம்.என்.எம்.முக்கா? நானும் வரேன்" என்றார். தம்பி டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறான்.